எட்டு மணி மேடு

சிரம்பானில் ஒரு பெரிய கட்டடத்தின் மின்சாரப் பிரிவில் வேலை செய்யும் பிள்ளைகள் சிலர் போன மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். தங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டுமாம். வந்த இடத்தில் ஒருவன் கைப்பேசியை எடுத்துக் காட்டினான். எந்த மாடியில் எவ்வளவு சூடு, எந்த அறையில் ஆள் இல்லாமல் விளக்கு எரிகிறது, எந்தக் குளிர்சாதனம் எத்தனை மணிக்கு ஓட ஆரம்பித்தது என்று எல்லாம் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் தெரிந்தது. "ஒங்க காலத்துல இதெல்லாம் ஏது அங்கிள்?" என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. ஏதாம்! செம்பனைக் காட்டுக்கு நடுவில் கம்ப்யூட்டரை வைத்து ஒரு கட்டடத்தையே மேய்த்தவர்கள் நாங்கள். அப்போது இவன் பிறந்திருக்கவே மாட்டான்.

அந்தக் கதையைத்தான் எழுதச் சொல்கிறார்கள். மின்சாரத்தை எப்படி மிச்சம் பிடித்தோம் என்பதை மட்டும் எழுதினால் போதுமாம். எழுதுகிறேன். ஆனால் அதை மட்டும் தனியாகப் பிரித்து எழுத எனக்கு வராது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா லிங்கிப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியவர். நான் மின்சாரக் கம்பி பிடிக்கப் போனேன். சிரம்பானில் தொழிற்பள்ளி, பிறகு தோட்டத்து இஞ்சின் ரூமில் எடுபிடி, பரீட்சைகள், ஒன்றில் தோல்வி, மறுபடியும் பரீட்சை, கடைசியில் சார்ஜ்மேன் சீட்டு. மின்சாரத்துக்குப் பொறுப்பாளர் என்று அர்த்தம். இதற்குள் எழுபதுகள் முடிந்து எண்பதுகளும் பாதி ஓடிவிட்டன. பால்மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் எங்கள் தோட்டத்தில் லேப் கட்டினார்கள்.

லேப் என்றால் செம்பனைக் கன்றைப் போத்தலுக்குள் வளர்க்கும் இடம். நல்ல காய்ப்புள்ள மரத்தின் குருத்தை நறுக்கி, மருந்துக் கூழில் வைத்து, போத்தலை மூடி, தட்டுத் தட்டாக அடுக்கி வைப்பார்கள். வரிசை வரிசையாகக் குழல் விளக்குகள் எரியும். இராப்பகலாகக் குளிர்சாதனம் ஓடும். சூடு கொஞ்சம் ஏறினாலும் போத்தலுக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். குருத்து நறுக்குகிற வேலையெல்லாம் தோட்டத்துப் பெண்களுக்குத்தான். அதுவரை வெயிலில் முதுகில் தோம்பு என்கிற மருந்து டின்னைச் சுமந்து களைக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தவர்கள், வெள்ளைக் கோட்டுப் போட்டு, வாயைத் துணியால் மூடி, குளிர்ந்த அறையில் உட்கார்ந்து கத்தி பிடித்தார்கள். அந்த வேலை கிடைத்தவர்கள் கோயிலில் தேங்காய் உடைத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

மின்சாரக் கட்டணம்தான் தலைமையகத்தின் கண்ணை உறுத்தியது. வருஷம் முடிவதற்குள் குறைக்காவிட்டால் லேப்பை மூடி ஜொகூரில் இருக்கும் இன்னொரு தோட்டத்துக்கு மாற்றிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். மூடினால் பெண்கள் எல்லாம் மறுபடி தோம்பைத் தூக்க வேண்டியதுதான். கடைசி முயற்சியாக ஒரு கம்ப்யூட்டரை அனுப்பி வைத்தார்கள்.

அதோடு வந்தவர் எஞ்சினியர் லிம். லிங்கியில் மளிகைக்கடை வைத்திருந்த சீனரின் மகன். தமிழ்ப் பிள்ளைகளோடு கோலி விளையாடி வளர்ந்ததால் தமிழ் தண்ணீராக வரும். ஆனால் அவருடைய தமிழில் 'நீங்க' என்ற சொல்லே கிடையாது. மானேஜரின் மனைவியைக்கூட "நீ சாப்டியா?" என்றுதான் கேட்பார். யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைக்கும் இடத்தில் அவர் ஒரு தெர்மாமீட்டர் வைத்திருப்பார். குளிர்சாதன இயந்திர அறைக்குள் நேரே நுழைந்து நான் பார்த்ததில்லை. வாசலில் கண்ணை மூடி நிற்பார். உள்ளே எத்தனை கம்ப்ரஸர் ஓடுகிறது, எது முனகுகிறது என்று காதாலேயே பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார். வேலையில் தப்பு செய்தால் திட்டமாட்டார். "மறுபடியும்" என்று ஒரு சொல் சொல்வார். அதைவிடத் திட்டியிருக்கலாம் என்று தோன்றும்.

கம்ப்யூட்டர் செய்தது இன்றைக்குச் சாதாரணம். லேப்பில் அங்கங்கே சூடு பார்க்கும் சென்சார்களை மாட்டி, கம்பி இழுத்து, அந்தக் கணக்கைப் பார்த்து மூன்று கம்ப்ரஸர்களில் எத்தனை ஓடினால் போதும் என்று அதுவே முடிவு செய்யும். முன்பெல்லாம் மூன்றும் எப்போதும் ஓடும். இனி ஒன்று ஓடினால் போதும், வெயில் நேரத்தில் இரண்டு. பச்சை எழுத்துத் திரையில் நாள் முழுக்க நடந்ததை ஒரு கோடாக வரைந்து காட்டும்.

மின்சார வாரியம் பெரிய இடங்களில் இரண்டு வகையாகக் காசு வாங்கும். எவ்வளவு எரித்தாய் என்பதற்கு ஒன்று. அந்த மாதத்தில் எந்த அரைமணி நேரத்தில் ஆக அதிகமாக இழுத்தாய் என்பதற்கு இன்னொன்று. மாதம் முழுக்க விரதம் இருந்துவிட்டு ஒரே ஒரு வேளை வயிறு முட்டத் தின்றாலும் அந்த ஒரு வேளைக்குத் தண்டம் கட்ட வேண்டும். எங்கள் கதையும் அப்படித்தான் ஆனது. நாள் முழுக்கக் கோடு சமர்த்தாகப் போகும். காலை எட்டு மணிக்கு மட்டும் ஒரு மேடு. மூன்று கம்ப்ரஸர்களும் ஒன்றாகக் கிளம்பி உறுமும். அரைமணி கழித்து அடங்கிவிடும். அந்த மேடு ஒன்றே மொத்த மிச்சத்தையும் விழுங்கிக்கொண்டிருந்தது.

திரையைப் பார்த்தால் காரணம் தெரிந்தது. பெண்கள் செருப்பைக் கழற்றிக் கோட்டு மாற்றும் அறையில் ஒரு சென்சார் இருந்தது. அறைகளின் காற்று அந்த வழியாகத்தான் இயந்திரத்துக்குத் திரும்பி வரும், அதனால் அங்கே வைத்திருந்தார்கள். எட்டு மணிக்கு அந்தச் சென்சார் மட்டும் அடுப்படியில் நிற்பதைப் போலச் சூடு காட்டும். ஏன் காட்டுகிறது என்பதுதான் புரியவில்லை.

சென்சார்தான் கோளாறு என்றேன் நான். லிம் ஐஸ் வாங்கி வரச் சொன்னார். அவர் அதைச் செய்த விதம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. ஐஸைத் துண்டில் சுற்றிக் கல்லால் பொடியாக உடைத்தார். பொடியைத் தெர்மாஸ் குடுவையில் நிரப்பி, நனைகிற அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினார். குச்சியால் மெதுவாகக் கலக்கினார். சென்சாரைக் கழற்றி, பக்கச் சுவரில் படாமல், அடியில் படாமல் நடுவே பிடித்துக்கொண்டு நின்றார். நான் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். உருகுகிற ஐஸுக்குக் காட்ட வேண்டிய பூஜ்யத்தில் சரியாக வந்து நின்றது. "மறுபடியும்" என்றார். மறுபடியும் பூஜ்யம். சென்சாரில் ஒரு குறையும் இல்லை. திரும்ப மாட்டும்போது சென்சார் டப்பாவுக்குக் கீழே சுவரில் பழுப்பாக ஒரு வழிசல் இருந்தது. துரு என்று நினைத்துத் துணியால் துடைத்தேன்.

இதெல்லாம் பெண்கள் வீட்டுக்குப் போன பிறகு சாயங்காலத்தில் செய்தது. எட்டு மணிக்கு அந்த அறைக்குள் ஆண்கள் போகக் கூடாது. அதனால் லிம் தன் தெர்மாமீட்டரைப் பெண்களுக்கு மேற்பார்வையாளராக இருந்த மேரியக்காவிடம் கொடுத்து அனுப்பினார். அவர் அறைக்கு நட்டநடுவில் நின்று பார்த்துவிட்டு, எப்போதும்போல ஜில்லென்றுதான் இருக்கிறது என்று வந்து சொன்னார். ஆக, அறை குளிர்ச்சி, சென்சார் நல்ல சென்சார், ஆனாலும் மேடு. கம்பியை மாற்றினோம். கம்ப்ரஸரைப் பிரித்துப் பார்த்தோம். தலைமையகத்திலிருந்து ஃபோன் மேல் ஃபோன் வந்தது. மேரியக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "தம்பி, தோம்ப எடுத்துக் கழுவி வெச்சிக்கவா?" என்று கேட்பார். சிரித்துக்கொண்டுதான் கேட்பார்.

பிறகு ஒரு வாரம், திங்கட்கிழமை தொடங்கி, மேடு வரவில்லை. கோடு ஸ்கேல் வைத்துப் போட்டதைப் போல நேராகப் போனது. நாங்கள் எதையும் தொடவே இல்லை. காரணம் தெரியாமல் சரியானது காரணம் தெரியாமல் திரும்பி வரும் என்று லிம் சந்தோஷப்படவில்லை. வியாழக்கிழமை என்னை எதிரே உட்கார வைத்தார்.

"இந்த வாரம் என்னா மாறிச்சி? யோசிச்சிப் பாரு" என்றார்.

எனக்கு அலுப்பு. "ஒண்ணும் மாறல சார். எனக்குக் கோப்பி வரல, அவ்ளோதான்" என்றேன்.

"எந்தக் கோப்பி?"

"நீங்க காலையில வாங்கி மாட்டச் சொல்வீங்களே, அந்தக் கோப்பி."

லிம் கண்ணாடியைக் கழற்றினார். "கோபாலு, நான் எவனுக்கும் கோப்பி வாங்கிக் குடுத்ததே இல்ல" என்றார். உண்மைதான். அவர் கை அப்படிப்பட்ட கை.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். காலையில் நான் மின்பலகைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு இயந்திர அறைக்குத் திரும்பும்போது கதவுப்பிடியில் ஒரு கோப்பிப் பை தொங்கும். எங்கள் நாட்டு ஒட்டுக்கடைகளில் கோப்பியைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ராஃபியா கயிற்றால் கழுத்தைக் கட்டி, மாட்டிக்கொள்ள ஒரு வளையமும் விட்டுக் கொடுப்பார்கள் இல்லையா, அது. பால் போடாத கோப்பி. நான் குடிக்கிற பதத்துக்கு ஆறியிருக்கும். எனக்கு நாக்குச் சுடுகிற சூடு ஆகாது. லேப் திறந்து கொஞ்ச நாளில் வர ஆரம்பித்தது. கம்பெனி கோப்பி என்று நினைத்தேன். லிம் வந்த பிறகு லிம்மின் கோப்பி என்று நினைத்தேன். குடித்தேன், பையைக் குப்பையில் போட்டேன், வேலையைப் பார்த்தேன். ஒரு மனுஷன் அதற்கு மேல் யோசிக்கமாட்டானா என்று கேட்காதீர்கள். என் மனைவியே நிறைய கேட்டுவிட்டாள்.

லிம் எழுந்து நேரே மேரியக்காவைக் கூப்பிட்டார். சார்ஜ்மேனுக்குக் கோப்பி வைப்பது யார் என்று கேட்டார். மேரியக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சரோஜாதான்லா, வேற யாரு? லேப்பு பூரா தெரியும். ஒங்களுக்கு மட்டும் தெரியாதா தம்பி?"

கோப்பியை எங்கே வைப்பாள் என்று லிம் கேட்டார். முன்பு செருப்பு அறையில் ஓர் ஆணி இருந்ததாம், அதில் மாட்டுவாளாம். கம்ப்யூட்டர் வைக்க வந்தவர்கள் சுவருக்கு வெள்ளையடித்தபோது ஆணியைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் ஒரு டப்பாவை வைத்தார்களாம். டப்பாவுக்கு அடியில் சுவரிலிருந்து ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்க, சரோஜா அதிலேயே மாட்டிவிடுவாளாம். கோட்டு மாற்றி, கை கழுவி, மேசையெல்லாம் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து முடிப்பதற்குள் கோப்பி ஆறிவிடும். அப்புறம் கொண்டுபோய் என் கதவில் மாட்டுவாள்.

கொதிக்கிற கோப்பியின் சூடு முழுக்கச் சென்சாருக்குப் போயிருக்கிறது. கட்டடமே வெந்துபோவதாகக் கம்ப்யூட்டர் பதறி மூன்று கம்ப்ரஸரையும் கிளப்பிவிட்டிருக்கிறது. சுவரில் நான் துடைத்தது துரு இல்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம். நான் ஒரு படி மேலே போய் வெண்ணெயைத் தினமும் குடித்துவிட்டு அலைந்திருக்கிறேன்.

"எனக்கு எதுக்குக்கா அவங்க கோப்பி வாங்கணும்?" என்று கேட்டேன். எப்படி அப்படி ஒரு கேள்வி என் வாயில் வந்ததோ. மேரியக்கா நினைவுபடுத்தினார். வேலைக்கு வந்த புதிதில் சரோஜா மேசை கடிக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். இரும்பு மேசையைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதாம். பயந்தாங்கொள்ளி என்று கணக்கெழுதும் கிராணி உட்பட எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். நான்தான் டெஸ்டரை வைத்துப் பார்த்து, கசிவு இருக்கிறது, அந்தப் பிள்ளை சொல்வது சரி என்று எல்லார் முன்னாலும் சொல்லி எர்த் இழுத்துக் கொடுத்தேனாம். எனக்கு மேசை ஞாபகம் இருந்தது. யாருடைய மேசை என்பது ஞாபகம் இல்லை.

இந்த வாரம் ஏன் வரவில்லை என்று லிம் கேட்டார். மேரியக்கா என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துப் பதில் சொன்னார்.

"லீவு சார். புக்கிட் பெலண்டோக்குல அவ மாமா வூட்டுல ஞாயித்துக்கெழம பரிசம் போட்டாச்சி. மாப்ள போர்டிக்சன்ல வேல."

கண்டுபிடித்துவிட்டோம் என்று துள்ளிக் குதித்திருக்க வேண்டிய நேரம் அது. நான் சரோஜாவின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். வாய்த்துணிக்கு மேலே இரண்டு கண்கள்தான் ஞாபகத்தில் வந்தன. தாழ்வாரத்தில் எதிரே வரும்போது சுவரோரமாக ஒதுங்கி வழி விடுவாள். அவ்வளவுதான் நான் அவளைப் பார்த்திருந்தது. அதற்குள் எப்படி இவ்வளவு வலித்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

லேப்புக்குள் தின்பண்டமோ குடிக்க எதுவுமோ கொண்டு வந்தால் உடனே வேலை போகும். சட்டம் அப்படி. லிம் அதையும் யோசித்திருக்க வேண்டும். தலைமையகத்துக்கு, சென்சார் வைத்த இடம் சரியில்லை, இடம் மாற்றப்படுகிறது என்று மட்டும் எழுதினார். அவள் பெயர் இல்லை, கோப்பி இல்லை. மேரியக்காவிடம், இனி அறைக்குள் வேண்டாம் என்று அவளிடம் பக்குவமாகச் சொல்லிவிடச் சொன்னார். என்னிடம், "மேல மாட்டு. யாருக்கும் கை எட்டக் கூடாது" என்றார். சனிக்கிழமை சாயங்காலம் நானே ஏணி வைத்து ஏறி, சென்சாரைக் கழற்றி, கூரைக்குப் பக்கத்தில் மாட்டினேன். பழைய இடத்தில் துளைகளை அடைத்துச் சுண்ணாம்பும் பூசினேன். நீட்டிக்கொண்டிருந்த அந்தக் கம்பியை மட்டும் எடுக்க மனம் வரவில்லை. லிம் அதைப் பார்த்தார், ஏணியை எடுத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை எட்டு மணிக்குத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தோம். தாழ்வாரத்தில் பெண்களின் பேச்சும் செருப்புச் சத்தமும் கேட்டன. எண் அசையவில்லை. கால்மணி ஆனது. ஒரு கம்ப்ரஸர் மட்டும் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. லிம் என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தலைமையகத்துக்கு ஃபோன் பண்ணப் போனார். வேலை முடிந்தது. லேப் பிழைத்தது.

எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது. அவள் வந்தாளா, மாட்டினாளா? போன வாரம்வரை அந்தக் கோடு அதைச் சொல்லியிருக்கும். அந்தக் கட்டடத்தில் அவளைத் தவறாமல் கவனித்துக்கொண்டிருந்தது அந்த டப்பா ஒன்றுதான். அதையும் நானே கழற்றிக் கூரையில் வைத்துவிட்டேன்.

எழுந்து இயந்திர அறைப் பக்கம் போனேன். சரோஜா கதவுப்பிடியில் கயிற்று வளையத்தை மாட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளைக் கோட்டு, வாய்த்துணியை இறக்கிக் கழுத்தில் விட்டிருந்தாள். முதல் தடவையாக முழு முகத்தையும் பார்த்தேன். என்னைக் கண்டதும் கையை எடுத்துவிட்டாள்.

"மேரியக்கா சொன்னாங்க. என்னால ஒங்களுக்கு ரொம்பத் தொல்லையாப் போச்சி" என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றேன். பிறகு, எதையாவது சொல்லியாக வேண்டும் என்று, "கோப்பி நல்லா இருக்கும்" என்றேன்.

"சீனி பத்துமா?"

"பத்தும்."

தலையாட்டினாள். போகத் திரும்பியவள் நின்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"யாரு வெக்கிறான்னு ஒரு நாளாவது கேப்பீங்கன்னு பாத்தேன்" என்றாள்.

நான் நின்றேன். அவள் கொஞ்சம் காத்திருந்தாள் என்றுதான் நினைக்கிறேன். பிறகு வாய்த்துணியை ஏற்றிக் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அறைக்குள் ஆற வைக்காமல் நேரே கொண்டுவந்ததால் அன்றைக்குக் கோப்பி ஆறவில்லை. சுடச்சுடக் குடித்தேன்.

மறுநாள் கதவுப்பிடி சும்மா இருந்தது. கட்டணம் குறைந்தது. ஜொகூருக்குப் போகும் பேச்சு நின்றது. ஒரு பெண்ணும் தோம்பைத் தூக்கவில்லை. தலைமையகத்திலிருந்து ஆள்கள் வந்து கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சரோஜா தை மாதம் கல்யாணமாகிப் போர்டிக்சன் போனாள். பத்திரிகை வைத்தாள், லிம்மும் நானும் போனோம். மொய் எழுதும் இடத்தில் லிம் ஒரு நல்ல தொகை கொடுத்ததைப் பார்த்து அசந்துபோனேன். விருந்தில் கோப்பி கொடுத்தார்கள். வேண்டாம் என்றேன்.

எனக்கும் பிறகு கல்யாணம் ஆனது. பிள்ளைகள், வீடு, எல்லாம் நல்லபடியாகத்தான். இந்தக் கதையை என் மனைவியிடம் எப்போதோ சொல்லிவிட்டேன். "நானா இருந்தா மூஞ்சிக்கு நேரா நீட்டியிருப்பேன். ஒங்களுக்கெல்லாம் கதவுல மாட்டுனா ஆவுமா?" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். காலையில் கோப்பியை என் முன்னால் வைத்து, நான் நிமிர்ந்து பார்க்கிற வரைக்கும் நகரமாட்டாள். நான் பார்ப்பேன். யார் எதைக் கொண்டுவந்து வைத்தாலும் அதற்குப் பிறகு நான் நிமிர்ந்து பார்க்காமல் இருந்ததில்லை.

வந்த பிள்ளைகளிடம் இதில் பாதியைத்தான் சொன்னேன். சென்சாரை எங்கே வைக்கிறோம் என்பதுதான் முக்கியம் என்றேன். குறித்துக்கொண்டார்கள். கிளம்பும்போது அந்தக் கைப்பேசியை இன்னொரு தடவை கேட்டு வாங்கினேன். அவர்கள் கட்டடத்தின் அன்றைய கோட்டை, காலை எட்டு மணிப் பக்கத்தை, பெரிதாக்கிக் காட்டச் சொன்னேன். அவன் விரலால் இழுத்துக் காட்டினான். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மேடு ஒன்றும் இல்லாமல் நேராகப் போயிருந்தது. நல்லா இருக்குப்பா என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.